சோலாப்பூரிலிருந்து சீனப் போர்முனைக்கு: டாக்டர் கோட்னிஸ்

டிப்ளமோ முடிக்கப் போகும் அண்ணன்மார்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே வெளிநாட்டு வேலைப் பேச்சுதான். துபாய், கத்தார் என்றால் யாரும் யோசிப்பதில்லை. ஈராக் என்று ஒரு ஏஜென்ட் சொல்லும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது. சம்பளம் இரண்டு மடங்கு. ஆனால் 2014-ல் ஈராக்கின் மோசுல் நகரில் கட்டிட வேலைக்குப் போன நம் நாட்டுத் தொழிலாளர்கள் 39 பேரைத் தீவிரவாதிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் உயிரோடு இல்லை என்பது 2018-ல்தான் உறுதியாக அறிவிக்கப்பட்டது. போகலாமா, வேண்டாமா? எனக்கு இதற்குப் பதில் தெரியாது. ஆனால் சண்டை நடக்கிற நாட்டுக்கு வேலைக்குப் போன ஒருவரின் வாழ்க்கையை நூலகத்தில் படித்தேன். அதை எழுதத்தான் இந்தப் பக்கங்கள்.

டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் 1910 அக்டோபர் 10-ல் மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் பிறந்தார். சோலாப்பூர் துணி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். வசதியான குடும்பம் இல்லை. கூடப் பிறந்தவர்கள் இரண்டு சகோதரர்கள், ஐந்து சகோதரிகள். பம்பாயில் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, மேல்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இன்னும் சில வருஷம் பொறுத்தால் பம்பாயில் நல்ல டாக்டராக உட்கார்ந்திருக்கலாம். வீட்டு நிலைமையும் மாறியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து கோரிக்கை வந்தது. 1937 ஜூலையில் ஜப்பான் ராணுவம் சீனா மீது முழுப் போர் தொடுத்தது. அந்த டிசம்பரில் நான்ஜிங் நகரத்தில் நடந்த படுகொலை உலகத்தையே உலுக்கியது. காயம் பட்டவர்கள் குவிந்தார்கள், வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. சீனத் தளபதி ஜூ தே டாக்டர்கள் வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் 1938 ஜூன் 30-ல் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விட்டார். ஜூலையில் மூன்று நாள் வசூல் நடந்து 22,000 ரூபாய் சேர்ந்தது. ஒரு ஆம்புலன்சும் ஐந்து டாக்டர்களும் போவது என்று முடிவானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாடு அப்போது வெள்ளைக்காரன் கையில் இருந்தது. இந்த ஐந்து பேரை அனுப்பியது அரசாங்கம் கிடையாது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் ஓடிப்போய் நிற்க நமக்கென்று ஒரு தூதரகம் கூடக் கிடையாது.

கோட்னிஸ் தன் விருப்பத்தை அப்பாவிடம் சொன்னார். அப்பா சம்மதித்துவிட்டார். வீட்டில் மற்றவர்கள்தான் திகைத்துப் போனார்கள். சீனாவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, சீனர்கள் இங்கே பட்டுத்துணி விற்க வருவார்கள் என்பது மட்டும்தானாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு முதல் படிப்பாளி நான். ஈராக் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்க அம்மாவுக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வீடுகளில் முடிவு எடுப்பது படித்தவன் தலையில் வந்து விழுகிறது. மற்றவர்கள் பயப்படத்தான் முடியும், ஆலோசனை சொல்ல முடியாது.

குழுவுக்குத் தலைவர் அலகாபாத்தைச் சேர்ந்த டாக்டர் அடல். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர். நாக்பூரிலிருந்து வயதில் மூத்த சோல்கர், கல்கத்தாவிலிருந்து பாசுவும் முகர்ஜியும். 1938 செப்டம்பரில் கப்பல் ஏறி அந்த மாதமே சீனா போய்ச் சேர்ந்தார்கள். முதலில் ஹாங்கோவில் ஆஸ்பத்திரி வேலை. அடுத்த மாதமே அந்த ஊர் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பின்வாங்கிப் பின்வாங்கி, அப்போது தலைநகரமாக இருந்த சோங்சிங் வரை போனார்கள்.

அங்கே இருக்கும்போதுதான் சோலாப்பூரிலிருந்து செய்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார். போவதற்குச் சம்மதம் கொடுத்த அதே அப்பா. ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று கூட வந்தவர்களே சொன்னார்கள். திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கோட்னிஸ் திரும்பவில்லை. குழுவோடு சேர்ந்து 1939 தொடக்கத்தில் வடக்கே யெனானுக்குப் போய்விட்டார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைத் தியாகம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. ஐந்து சகோதரிகள் இருக்கிற வீடு. சம்பாதித்த அப்பா போயாச்சு. டாக்டருக்குப் படித்த பிள்ளை மலைக்கு அந்தப்பக்கம் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார். அந்த மாதங்களை அந்த வீடு எப்படிக் கடந்தது என்பதையும் யாராவது எழுதியிருக்கலாம். அவர் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தின் விலையில் ஒரு பங்கை, முடிவில் பங்கு இல்லாத ஆட்களும் கட்டினார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பிறகு குழுவில் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். சோல்கரும் முகர்ஜியும் முதலில், உடம்பு முடியாமல் அடல் அடுத்து. பாசு 1943 வரை இருந்தார். கோட்னிஸ் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் இருந்த ஊடாய் மலைப் பகுதிக்குப் போனார். கனடாவிலிருந்து வந்த டாக்டர் நார்மன் பெத்யூன் வேலை பார்த்த இடம் அது. ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, 1939 நவம்பரில் பெத்யூன் இறந்துபோனார். அந்த இடம் எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கோட்னிஸுக்கும் அது தெரியும்.

1940-ல் நடந்த ஒரு நீண்ட சண்டையில் 72 மணி நேரம் தூங்காமல் ஆபரேஷன் செய்திருக்கிறார். 800 பேருக்கு மேல் வைத்தியம் பார்த்திருக்கிறார். செமஸ்டருக்கு முதல் நாள் இரவு முழித்தாலே மறுநாள் நமக்குக் கை ஓடுவதில்லை. 1941-ல் பெத்யூன் பெயரில் இருந்த சர்வதேச அமைதி மருத்துவமனைக்கு அவரை இயக்குநர் ஆக்கினார்கள். சீன மொழி கற்றுக்கொண்டு அதிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். கே திஹுவா என்பது அவருக்கு அங்கே வழங்கிய பெயர்.

1941 டிசம்பரில் குவோ சிங்லான் என்ற நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1942 ஆகஸ்டில் ஆண் குழந்தை. யின்ஹுவா என்று பெயர்: யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. ஆனால் ஓய்வில்லாத வேலையில் அவர் உடம்பு கெட்டுப்போயிருந்தது. அடிக்கடி வலிப்பு வந்தது. 1942 டிசம்பர் 9-ல் அடுத்தடுத்து வந்த வலிப்பில் இறந்துபோனார். வயது 32. குழந்தைக்கு நாலு மாசம் கூட ஆகவில்லை. குண்டு பட்டுச் சாகவில்லை, வேலை செய்தே செத்தார்.

இந்தியாவில் அவர் கதையை குவாஜா அகமது அப்பாஸ் புத்தகமாக எழுதினார். 1946-ல் சாந்தாராம் படமாக எடுத்து, கோட்னிஸாக அவரே நடித்தார். 1962-ல் இரண்டு நாடுகளும் சண்டை போட்டுக்கொண்டன. இருந்தும் சீனாவில் அவர் பெயரை மறக்கவில்லை. ஷிஜியாஜுவாங் நகரத்துத் தியாகிகள் பூங்காவில் அவருக்குக் கல்லறையும் சிலையும் இருக்கின்றன. சீனத் தலைவர் ஹூ ஜின்டாவ் 2006-ல் இந்தியா வந்தபோது மும்பையில் கோட்னிஸின் குடும்பத்தாரைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

குவோ சிங்லான் கணவரோடு வாழ்ந்தது ஒரே ஒரு வருஷம். மகன் யின்ஹுவா அப்பாவைப் போலவே மருத்துவம் படித்தான், 1967-ல் படிப்பு முடிவதற்குள் இறந்துவிட்டான். அந்த அம்மாள் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். இந்தியாவுக்குப் பலமுறை வந்து கோட்னிஸ் குடும்பத்தாரோடு உறவு வைத்துக்கொண்டார். இறந்தது 2012-ல். சோலாப்பூரில் கோட்னிஸ் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது.