கொலை வழக்கைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தேவன்

துப்பறியும் சாம்பு என்ற பெயரைக் கேட்டதும் செமோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூத்த வாசகர்கள் சிலருக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். சாம்புவைப் படைத்தவர் அமரர் தேவன். தமிழில் முழு நீளக் கொலை வழக்கு விசாரணையை நகைச்சுவை கலந்து நாவலாக்கிய பெருமையும் இவரையே சேரும்.

தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன். தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். எழுத்து ஆசை விடவில்லை. எஸ். எஸ். வாசன் நடத்திய 'ஆனந்த விகடன்' வார இதழுக்கு எழுதிப் போட்டார். எழுத்தில் இருந்த குறும்பு பிடித்துப்போக, இளம் வயதிலேயே அங்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

அப்போது விகடனின் ஆசிரியராக இருந்தவர் கல்கி. அவர் விலகிச் சொந்தப் பத்திரிகை தொடங்கிய பிறகு, விகடனை நடத்தும் பொறுப்பு 1942-இல் தேவனிடம் வந்தது. கல்கி இல்லாத விகடனை வாசகர்கள் வாங்குவார்களா என்ற கேள்வி இருந்த நேரம் அது. தேவன் அந்தச் சுமையை ஏற்று, கடைசி வரை அங்கேயே பணியாற்றினார். வாராவாரம் இதழைத் தயாரிக்கும் வேலையோடு தொடர்கதைகளும் எழுதினார்.

தேவனுக்கு முன்பே தமிழில் துப்பறியும் நாவல்கள் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நூல்கள் கடல் கடந்தும் விற்றன. அவற்றில் பல ஆங்கிலக் கதைகளின் தழுவல். துப்பறிபவர் மகா புத்திசாலியாக இருப்பார். தேவன் அதைத் தலைகீழாக்கினார். சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. பெரிய மூக்கு, மந்தமான மூளை. அவர் தடுமாறி விழுந்தால் அங்கே திருடன் இருப்பான். உளறினால் அது துப்பாகிவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை அறிவுக்கூர்மை என்று நம்புவார். மனைவி வேம்புவுக்கும் கணவர் மேல் பெருமைதான். ஓவியர் கோபுலுவின் கோடுகளில் சாம்புவின் முகம் வாசகர் மனத்தில் பதிந்தது. பின்னாளில் தூர்தர்ஷன் தொடரில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார்.

ஜஸ்டிஸ் ஜகந்நாதன்

சாம்பு புகழைத் தந்தாலும், தேவனின் உழைப்பைக் காட்டும் நாவல் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடக்கும் கொலை வழக்குதான் கதை. நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சாட்சிகள், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர், இவர்களோடு ஜூரிகள். அன்றைய சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகள் அமர்வார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர், சாதாரணக் குடிமக்கள். சாட்சியம் முழுவதையும் கேட்டுவிட்டு, குற்றம் செய்தாரா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஓர் உயிர் அந்த ஒன்பது பேரின் கவனத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு கனமான இடத்தில் நகைச்சுவை எப்படி நுழைந்தது? குறுக்கு விசாரணையின் வழியாகத்தான். சாட்சி சொல்ல வருபவர் சற்றே மிகைப்படுத்துவார். வழக்கறிஞர் அடுத்தடுத்துச் சிறு கேள்விகளாகப் போடுவார். ஒவ்வொரு பதிலும் முந்திய பதிலோடு மோதும். வாசகருக்குச் சிரிப்பு வரும். அதே நேரத்தில் வழக்கின் போக்கும் மாறிவிடும். சிரித்தபடியே எது உண்மை, எது பொய் என்று வாசகரும் கணக்குப் போடத் தொடங்குவார். அவரே பத்தாவது ஜூரி ஆகிவிடுகிறார்.

அக்காலத்தில் நீதிமன்றம் தமிழர்களின் அன்றாடப் பேச்சில் இருந்தது. 1944-இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, மறு ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றனர். 1947-இல்தான் விடுதலையானார்கள். கோடிக்கணக்கானோர் கொண்டாடிய கலைஞர்களையே சாட்சியங்கள் சிறைக்கு அனுப்பின என்பதை மக்கள் கண்கூடாகப் பார்த்தார்கள்.

மலாயாத் தமிழர்களுக்கு இக்கதை நெருக்கமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஈப்போ நீதிமன்றம் என்பது அச்சம் தரும் வெள்ளைக் கட்டடம். உள்ளே பேசியது ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தம்மைப் பற்றியே தெரிந்துகொள்ள முடியும். டி. ஆர். சீனிவாசகம் போன்ற வழக்கறிஞர்களை ஈப்போ மக்கள் போற்றியதற்கு, தங்களுக்குத் தெரியாத அந்த மொழியில் தங்களுக்காக வாதாட ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் காரணம். தேவனின் நாவல் அந்தக் கதவைத் தமிழில் திறந்தது. சாட்சியம் என்றால் என்ன, சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகும், வாய்ச்சொல் எப்படி ஓர் ஆளைக் கவிழ்க்கும் என்பதையெல்லாம் கதையாகவே புரிய வைத்தது.

புகழ் இருந்தும் தேவனுக்கு ஒரு குறை இருந்தது. வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் படித்த அவருடைய தொடர்கதைகள், அவர் வாழ்ந்த காலத்தில் நூலாக வெளிவரவில்லை. 'கோமதியின் காதலன்' 1955-இல் டி. ஆர். ராமச்சந்திரன், சாவித்திரி நடிப்பில் திரைப்படமாகக்கூட வந்துவிட்டது. கடையில் வாங்கப் புத்தகம் இல்லை. கதைகளைக் காப்பாற்றியவர்கள் வாசகர்களே. விகடனிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பைண்டுகள் கை மாறி, ஊர் மாறி, அடுத்த தலைமுறையையும் சிரிக்க வைத்தன.

1957-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தேவன் காலமானார். வயது 43. மலாயா சுதந்திரம் பெற அப்போது நான்கு மாதங்கள்கூட இல்லை. அவர் மறைந்த பின்னரே 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஸ்ரீமான் சுதர்சனம்', 'துப்பறியும் சாம்பு' ஆகியவை நூல்களாயின. இன்றும் மறுபதிப்பு காண்கின்றன.

ஜூரி முறை இந்தியாவில் மறைந்துவிட்டது. மலேசியாவிலும் 1995 முதல் இல்லை. இன்று கொலை வழக்கில் தீர்ப்பு நீதிபதியின் கையில். ஆனால் அரைகுறையாகக் கேட்டதை வைத்து அடுத்தவரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் மட்டும் வாசற்படியிலும் கைப்பேசியிலும் தொடர்கிறது. இரு தரப்பையும் கேட்ட பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பதை உணர, நூலகத்தில் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' கிடைத்தால் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு முறை படிக்கலாம். சிரிப்பும் கூடவே வரும்.