32 கோர் இருந்தும் ஃபைல் சர்வர் திணறுவது ஏன்? அன்றே கணக்குப் போட்ட எர்லாங்

அலுவலகத்துக்குப் புதுசா ஒரு ஃபைல் சர்வர் வந்திருக்கிறது. 32 பிராசஸர் கோர்கள், தாராளமான மெமரி. ஆனாலும் காலை 10 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபைலைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. சிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால், மொத்தத்தில் 5 சதவீதம்கூட இல்லை! இயந்திரம் சும்மா இருக்கிறது, மனிதர்கள் காத்திருக்கிறார்கள். இது எப்படி?

இந்தக் கேள்விக்கு வழிகாட்டும் கணக்கைத் தொடங்கிவைத்தவர், இன்றைய கணினியைப் பார்க்காமலேயே இறந்துபோன ஒரு டென்மார்க்காரர்.

யார் இந்த எர்லாங்?

அக்னர் க்ராருப் எர்லாங் 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க்கின் லோன்போர்க் கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். 14 வயதிலேயே கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். வயது போதாததால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு சில காலம் அப்பாவின் பள்ளியிலேயே பாடம் எடுத்தார். உதவித்தொகை கிடைத்துப் பல்கலைக்கழகம் போய், 1901-ல் கணிதத்தில் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளும் ஆசிரியர் வேலைதான்.

டேனிஷ் கணிதவியலாளர் சங்கக் கூட்டங்களுக்குப் போனபோது யோகான் ஜென்சனின் அறிமுகம் கிடைத்தது. கணிதம் படித்தவர்களுக்குத் தெரிந்த ஜென்சன் சமனிலிக்குச் சொந்தக்காரர் இவர்தான். பிழைப்புக்கு அவர் பார்த்தது கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பொறியாளர் வேலை. அவர் மூலமாக 1908-ல் எர்லாங்கும் அங்கே சேர்ந்தார்.

எத்தனை லைன் போதும்?

அப்போது அழைப்புகளை ஆபரேட்டர்கள் கையால் இணைத்தார்கள். லைன் குறைவாக இருந்தால் அழைப்பு கிடைக்காது. அதிகமாகப் போட்டால் கம்பெனிக்குக் காசு வீண். எத்தனை போதும் என்பதை அதுவரை அனுபவத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அழைப்புகள் இஷ்டத்துக்கு வந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவல் என்ற கணித ஒழுங்குக்குள் அடங்கும் என்று 1909-ல் எர்லாங் காட்டினார். 1917-ல், அழைப்பு கிடைக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு, காத்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்குச் சூத்திரங்கள் கொடுத்தார்.

மேசையோடு நின்றுவிடுகிற ஆள் இல்லை அவர். தரைக்கடியில் போகும் கேபிள்களில் மின்கசிவை அளக்க, ஏணி தூக்கிய ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு, கோபன்ஹேகன் தெருக்களில் ஆள்துளைக் குழிகளுக்குள் தானே இறங்குவார்.

சர்வருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் அழைப்பு மாதிரி. ஒரு கோரிக்கையை முடிக்கச் சராசரியாக 1 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கின் எளிய வடிவத்தில், அந்த ஒற்றை வரிசை பாதி நேரம் பிஸியாக இருந்தால் மொத்தம் 2 மில்லிசெகண்ட் ஆகும். 90 சதவீதம் பிஸி என்றால் 10. 95 சதவீதம் என்றால் 20. கடைசிச் சில சதவீதத்தில்தான் எல்லாம் தலைகீழாகிறது.

அதனால் மொத்த சராசரியை நம்பக் கூடாது. நெட்வொர்க் கார்டு எழுப்பும் இன்டரப்ட்டுகள் எல்லாம் ஒரே கோரில் போய் விழுந்தால் அது மட்டும் நிரம்பி வழியும், மற்ற 31-ம் வேடிக்கை பார்க்கும். அந்த ஒன்று 100 சதவீதத்தைத் தொட்டாலும், சராசரியில் தெரிவது வெறும் 3 சதவீதம்தான்.

எங்கே பார்ப்பது?

முதலில், ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், கார்டின் வரிசைகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது த்ரெட் எண்ணிக்கை. லினக்ஸ் என்.எஃப்.எஸ் சர்வரில் நீண்டகாலம் இயல்பாக இருந்தது 8 மட்டுமே. அது 8 லைன் மட்டும் உள்ள டெலிபோன் நிலையம் மாதிரி. மூன்றாவது, டிஸ்க். அங்கே கோரிக்கைகள் தேங்கினால் த்ரெட்டைக் கூட்டிப் பயனில்லை, வரிசைதான் இன்னும் நீளும். நான்காவது, மென்பொருளுக்குள் இருக்கும் பூட்டு. எல்லா த்ரெட்டும் ஒரே பூட்டுக்குக் காத்திருந்தால், கோரைக் கூட்டக் கூட்டப் போட்டிதான் அதிகமாகும்.

ஆக, வரிசை எங்கே நிற்கிறது என்று அளக்காமல் பெரிய சர்வர் வாங்கினால் பணம்தான் போகும். காத்திருப்பு அப்படியே இருக்கும்.

பெயர் மட்டும் நிலைத்தது

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. சுமார் 20 ஆண்டுகள் அந்த ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார். வயிற்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர், 1929 பிப்ரவரி 3 அன்று 51 வயதில் காலமானார்.

1946-ல் தொலைபேசிப் போக்குவரத்தின் சர்வதேச அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு லைன் இடைவிடாமல் பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங். பின்னாளில் எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய கணினி மொழிக்கும் அதே பெயர்தான். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட இணைப்புகளைச் சமாளிப்பதற்கென்றே வந்த மொழி அது!