கேம்டன் பிரபு

சார்லஸ் பிராட், முதலாம் கேம்டன் பிரபு (1714 – ஏப்ரல் 18, 1794) இங்கிலாந்தைச் சேர்ந்த நீதிபதியும் அரசியல்வாதியும் ஆவார். ஒருவர் வேண்டுமென்றே பிறருக்கு இழைக்கும் தீங்குக்கு நட்டஈடு பெற வழிசெய்யும் தீங்கியல் சட்டத்தில், அரசு அதிகாரிகளுக்கும் தனி விலக்கு இல்லை என்பதை நிறுவிய தீர்ப்புகளுக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவருடைய தந்தை சர் ஜான் பிராட்டும் தலைமை நீதிபதியாக இருந்தவரே. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் கற்று, 1738இல் வழக்கறிஞரானார். தொடக்கத்தில் வழக்குகள் அரிதாகவே கிடைத்தன. வில்லியம் பிட்டின் ஆதரவால் 1757இல் அரசுத் தலைமை வழக்கறிஞராகவும், 1762இல் பொது வழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார்.

பிடியாணை வழக்குகள்

1763இல் ஜான் வில்க்ஸ் நடத்திய இதழின் 45ஆம் எண் அரசரின் உரையைத் தாக்கியது. அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் எவரது பெயரையும் குறிப்பிடாத பொதுப் பிடியாணை ஒன்றைப் பிறப்பித்தார். அதன்படி பிடிக்கப்பட்ட அச்சகத் தொழிலாளி ஹக்கிள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் காவலில் இருந்தார். அங்கு அவருக்கு இறைச்சியும் பீரும் கூட வழங்கப்பட்டன. எனினும் ஜூரிகள் 300 பவுண்டு நட்டஈடு அளித்தனர். அவரது வாரக் கூலியோ ஒரு கினி மட்டுமே. தொகை மிகையானது என்று மறுவிசாரணை கோரப்பட்டபோது பிராட் இணங்கவில்லை. பறிபோனது கூலியன்று, உரிமை என்பதே அவர் கருத்து.

இவற்றுள் தலையாயது என்டிக் எதிர் கேரிங்டன் வழக்கு (1765). 1762 நவம்பரில் அரச தூதுவர்கள் நால்வர் எழுத்தாளர் ஜான் என்டிக்கின் வீட்டில் புகுந்து, நான்கு மணி நேரம் தேடித் தாள்களை எடுத்துச் சென்றனர். அவர்மீதான ஆணையில் பெயர் இருந்தது. எத்தாள்கள் என்பது மட்டும் இல்லை. அத்துமீறல் வழக்கில் பிரதிவாதிகள் மூன்று எதிர்வாதங்களை முன்வைத்தனர். அமைதி நீதவானின் ஆணையை நிறைவேற்றும் காவலருக்குரிய சட்டப் பாதுகாப்பு தமக்கும் உண்டு என்றனர். அமைச்சர் அத்தகைய நீதவான் அல்லர் என்று பிராட் விடையளித்தார். நெடுநாள் வழக்கம் என்றனர். எவரும் எதிர்க்காததால் மட்டும் வழக்கம் சட்டமாகிவிடாது என்றார். இறுதியாக அரசின் தேவை என்றனர். அத்தகைய காரணத்தைச் சட்டம் அறியாது என்று கூறி அதனையும் தள்ளினார். பிறர் நிலத்தில் நுழைந்தவரே தம் செயலுக்குரிய சட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது இத்தீர்ப்பின் சாரம். வீட்டுக்காரர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

பிற்காலம்

1766இல் பிரபுக்கள் அவையின் தலைமைப் பொறுப்பும் கொண்ட சான்சிலர் பதவியை ஏற்றார். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீதான வரிவிதிப்பையும் வில்க்ஸை அவையிலிருந்து விலக்கியதையும் எதிர்த்தார். 1770இல் பதவி இழந்தார். 1792இல், முதிர்ந்த வயதிலும், அவதூறு வழக்குகளில் முழுத் தீர்ப்பையும் ஜூரிகளுக்கே அளித்த சட்டத்தை ஆதரித்தார். இலண்டனின் கேம்டன் டவுன் இவர் பெயரால் அமைந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886இல் பாய்டு வழக்கில் என்டிக் தீர்ப்பை விரிவாக எடுத்தாண்டது.