எண்ணெயில் விழும் இரு குண்டுகள்: மரியான் ஸ்மொலுகோவ்ஸ்கி

நீண்ட கண்ணாடிச் சாடியில் விளக்கெண்ணெயை ஊற்றி, எஃகுக் குண்டுகளை விட்டுப் பாகியல் எண் காணும் சோதனையை இயற்பியல் மாணவர் எல்லோரும் செய்திருப்போம். முதல் குண்டு அடியைச் சேர்ந்த பின்பே அடுத்ததை விடவேண்டும். அவசரப்பட்டு இரண்டைச் சேர்ந்தாற்போல் விட்டால், தனிக் குண்டைவிட அவை விரைந்து இறங்கி, கணக்கைக் கெடுத்துவிடும். 1851-இல் ஸ்டோக்ஸ் தந்த சூத்திரம், எல்லையற்ற நீர்மத்தில் துணையின்றிச் செல்லும் ஒற்றைக் கோளத்திற்கே உரியது. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1911-இல் கணக்கிட்டுக் காட்டியவர் மரியான் ஸ்மொலுகோவ்ஸ்கி என்னும் போலந்து நாட்டு அறிஞர்.

போலந்து நாட்டவர் என்று எழுதிவிட்டேன். ஆனால் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் உலகப் படத்தில் அப்படி ஒரு நாடே இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. 1872 மே 28-ஆம் நாள், வியன்னாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் போலிஷ் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை ஆஸ்திரியப் பேரரசரின் செயலகத்தில் உயர் அலுவலர். மகனோ, அண்ணன் ததேயுஷுடன் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறுவதில் பெருவிருப்பம் கொண்டவர். வியன்னாவில் பட்டம் பெற்று, பாரிஸ், கிளாஸ்கோ, பெர்லின் ஆய்வுக்கூடங்களில் பயின்றபின், 1899-இல் லுவோவ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். இன்று உக்ரைனில் லிவிவ் எனப்படுவது அந்நகரமே. ஐன்ஸ்டைனைச் சாராமல் தாமே கண்ட பிரௌனியன் இயக்கக் கொள்கையை 1906-இல் வெளியிட்டது அங்கிருந்துதான். நம் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு அவரை விட்டுவிடுகின்றன.

1911-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். விழும் குண்டு தன்னைச் சூழ்ந்த நீர்மத்தையும் இழுத்துச் செல்கிறது. அந்த ஓட்டம் எளிதில் அடங்குவதில்லை. பத்து மடங்கு தொலைவு சென்றாலும் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அது இரண்டாம் குண்டை அசைக்க, அதன் மறுவினை முதலாவதற்குத் திரும்பி வருகிறது. எதிரெதிரே வைத்த இரு நிலைக்கண்ணாடிகளில் உருவம் மாறிமாறித் தோன்றுவதுபோல, ஒவ்வொரு திருப்பத்தையும் அவர் கூட்டிக்கொண்டே போனார். மையங்களுக்கிடையே பத்து ஆரத் தொலைவு இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சமமான இரு குண்டுகளின் வேகம் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும்; அருகருகே விழுந்தால் ஏழரை விழுக்காடு. சாய்வாக இருந்தால் இரண்டும் அந்தச் சாய்வின் பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டு இறங்கும்.

சாடி முழுவதும் துகள்கள் பரவியிருந்தால் கதை தலைகீழ். அவை இறங்க இறங்க நீர்மம் மேலேறியாக வேண்டுமே! ஆகவே வேகம் குறையும். கன அளவில் நூற்றில் ஒரு பங்கு துகள் இருந்தாலே குறைவு ஏறத்தாழ ஆறரை விழுக்காடு என்று 1972-இல்தான் கேம்பிரிட்ஜ் அறிஞர் பாச்சிலர் கண்டார்.

1913-இல் கிராக்கோவ் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அடுத்த ஆண்டே உலகப்போர். அந்நாளில்தான் செந்நிறத் தங்கக் கூழ்மம் உப்பிட்டதும் ஏன் நீலமாகத் திரிகிறது என்னும் சிக்கலை, அதனை ஆராய்ந்துவந்த சிக்மோண்டியின் தூண்டுதலால் எடுத்துக்கொண்டார். துகள்கள் தற்செயலாக முட்டி ஒட்டிக்கொள்ளும் வேகத்தைக் கணித்தார். சமமான துகள்களாயின் அவ்வேகம் அவற்றின் பருமனைச் சார்ந்ததன்று என்பது அவர் கண்ட விந்தை: பெரியது எளிதில் முட்டுப்படும், ஆனால் மெல்ல நகரும், இரண்டும் ஈடாகிவிடும்.

இக்கணக்கில் ஒன்றை அவர் விட்டுவிட்டார். தொடும்வரை துகள்கள் ஒன்றையொன்று அறியா என்று கொண்டார். நீர்மம் வழியே அவை அறியும் என்று 1911-இல் காட்டியவரே அவர்தாம்! கணக்கு முடிவுக்கு வர அந்த எளிமை தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன். இரு துகள்கள் நெருங்கும்போது இடையிலுள்ள நீர்மம் பிதுங்கி வெளியேற வேண்டும். அது அவற்றைத் தாமதப்படுத்தும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறு சிலர் இதனையும் சேர்த்துக் கணித்தபோது, ஒட்டும் வேகம் அவர் சொன்னதில் ஏறத்தாழப் பாதியாயிற்று.

அதைத் திருத்த அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1917-இல் கிராக்கோவ் பல்கலைக்கழகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்குமுன், செப்டம்பர் 5-ஆம் நாள், சீதபேதியால் 45-ஆம் வயதில் இறந்தார். அவருக்கு இரங்கலுரை எழுதியவர் ஐன்ஸ்டைன். மறு ஆண்டு போலந்து மீண்டும் ஒரு நாடாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சந்திரசேகர், 1943-இல் எழுதிய நீண்ட ஆய்வுரையில், துகள்கள் ஒட்டும் அக்கணக்கைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார்.