நாற்றங்கால் போட்ட பேராசிரியர்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். விடுதி நினைவுகளை நிறையப் பேர் எழுதுவீர்கள். நான் ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். நம் கல்லூரி வாத்தியார் அல்ல. எழுபதுகளில் மின்னணுவியல் படித்த எங்களுக்கு அவர் ஒரு தடிமனான புத்தகத்தின் அட்டையில் இருந்த பெயர்: டெர்மன். தேர்வு நேரத்தில் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு அடிதடியே நடக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு நாற்றங்கால் போட்டவரும் அவரேதான் என்பது, வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஃபிரெடரிக் டெர்மன் 1900-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். அப்பா கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். மகனும் அங்கேயே படித்தார். பிறகு கிழக்குக் கரையில் எம்.ஐ.டி.யில் 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே வேலையும் தயாராக இருந்தது. ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து ஏது? மாதக்கணக்கில் படுக்கை. கலிஃபோர்னியா வெயில்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அங்கேயே தங்கி, ஸ்டான்ஃபோர்டில் ரேடியோ பாடம் நடத்த ஆரம்பித்தார்.

அப்போது அந்தப் பக்கம் முழுக்கப் பழத்தோட்டங்கள். படிப்பு முடிந்த கையோடு பையன்கள் வேலை தேடிக் கிழக்கே ரயில் ஏறிவிடுவார்கள். நம்ம பசங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற கதைதான். டெர்மனுக்கு இது உறுத்தியது. மாணவர்களை அக்கம்பக்கத்து ரேடியோ பட்டறைகளுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கிழக்கே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த டேவிட் பேக்கார்டை, 1938-ல் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். படிப்புக்காக வில்லியம் ஹியூலெட் செய்த ஆஸிலேட்டரை விற்பனைப் பொருளாக்கத் தூண்டினார். 1939-ல் 538 டாலர் முதலில், ஒரு கார் ஷெட்டில் ஹியூலெட்-பேக்கார்டு பிறந்தது. வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ எட்டு ஆஸிலேட்டர் வாங்கியது.

போர்க்காலத்தில், 1942 முதல் ஹார்வர்டில், எதிரியின் ரேடாரை ஏமாற்றும் கருவிகளுக்கான அரசு ஆய்வகத்தை நடத்தினார். அரசாங்கப் பணம் ஒரு பல்கலைக்கழகத்தை எப்படி மாற்றும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தார். ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி டீன் ஆனதும், கடற்படையின் ஆராய்ச்சி ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தார். எல்லாத் துறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கவில்லை. தேர்ந்தெடுத்த சில துறைகளைக் கோபுரம் மாதிரி உயர்த்தினார்.

ஸ்டான்ஃபோர்டிடம் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. ஆனால் நிறுவனர் எழுதிவைத்த சாசனப்படி விற்க முடியாது. 1951-ல் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டுத் தொழிற்பூங்கா தொடங்கினார்கள். பாலோ ஆல்டோ நகராட்சி அந்த நிலத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்து, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தது. முதலில் குத்தகைக்கு வந்தது வேரியன் கம்பெனி. அதன் சகோதரர்கள் 1937-ல் கிளைஸ்ட்ரான் குழாயை உருவாக்கியது ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில்தான். 1954-ல் டெர்மன் இன்னொரு ஏற்பாடு செய்தார். கம்பெனி என்ஜினியர்கள் வேலையை விடாமலே மேல்படிப்புப் படிக்கலாம். கம்பெனி கட்டணத்தையும் கட்டி, அதே அளவு தொகையைப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், கட்டடங்களைவிட இதுதான் உயிர்நாடி.

1956-ல் ஷாக்லி அந்தப் பக்கம் வந்து குறைக்கடத்தி ஆய்வகம் தொடங்கினார். மறு வருஷமே எட்டுப் பேர் பிரிந்துபோய் ஃபேர்சைல்டு ஆரம்பித்தார்கள். சில்லுகளின் விலை யானை விலையாக இருந்த காலத்தில் அவற்றை வாங்கியது யார்? ராணுவமும் விண்வெளித் துறையும்தான். அரசாங்கம் மானியம் கொடுத்ததோடு நிற்கவில்லை, முதல் வாடிக்கையாளராகவும் நின்றது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒப்பந்தம் கொண்டுவர முடியாத துறைகளுக்கு மனக்குறை. ராணுவ ரகசிய ஆராய்ச்சி வேண்டாம் என்று 1969-ல் மாணவர்கள் ஆய்வகத்தையே ஆக்கிரமித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

டெர்மன் 1965-ல் ஓய்வு பெற்றார். அதே மாதிரி எங்களுக்கும் ஒன்று அமைத்துக் கொடுங்கள் என்று பல இடங்களில் கூப்பிட்டார்கள். நியூஜெர்சியில் பெரிய கம்பெனிகள் இருந்தன, பணமும் இருந்தது. ஆனால் கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேரவில்லை. திட்டம் காகிதத்தோடு போச்சு. கொரியாவில் நடந்தது வேறு. 1970-ல் அவர் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அரசு தனிச் சட்டம் போட்டு, 1971-ல் இன்றைய கைஸ்ட் நிறுவனத்தின் முன்னோடியைத் தொடங்கியது. போரில் சிதைந்திருந்த நாட்டில் வேர் பிடித்த விதை, வசதி படைத்த நியூஜெர்சியில் முளைக்கவில்லை. 1982-ல் டெர்மன் காலமானார்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து முனைந்த ஆராய்ச்சிப் பூங்கா, 2010-ல் தரமணியில் செயல்பட ஆரம்பித்தது.

நம் கல்லூரிக்கு ஆயிரம் ஏக்கர் கிடையாது. கடற்படையும் நம்மைத் தேடி வராது. ஆனால் டெர்மன் முதலில் செய்த காரியத்துக்கு நிலமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். சொந்தமாகத் தொழில் நடத்தும் நண்பர்களே, வருஷத்துக்கு இரண்டு மாணவர்களுக்காவது உங்கள் பட்டறையின் நிஜமான பிரச்சினை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் செய்த பொருள் தேறினால், முதல் ஆர்டரும் நீங்களே கொடுங்கள். மாணவச் செல்வங்களே, பஸ் ஏறுவதற்கு முன்னால் கல்லூரியைச் சுற்றிப் பத்து மைலுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.