ஒரே ஒரு சினிமா பாட்டு.. 60 வருஷம் தாண்டியும் ஒலிக்கும் நாதஸ்வரம்! யார் இந்த காருகுறிச்சி அருணாசலம்?

'சிங்கார வேலனே தேவா' பாட்டைக் கேட்காத தமிழர்கள் ரொம்பக் குறைவு. 1962-ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படப் பாடல். ஆபேரி ராகம், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. திரையில் நாதஸ்வரம் வாசிப்பவர் ஜெமினி கணேசன். ஆனா, நிஜத்தில் வாசித்தது காருகுறிச்சி அருணாசலம்.

யார் இவர்?

1921-ல் நெல்லைச் சீமையின் காருகுறிச்சியில் பிறந்தவர். நாதஸ்வர சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். குரு பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர். பிறகு கோவில்பட்டியில் குடியேறினார். நாதஸ்வரம்னாலே தஞ்சாவூர்தான்னு பேசிய காலத்தில், மழையை நம்பி பருத்தி விதைக்கும் கரிசல் பூமியிலிருந்து உச்சிக்குப் போனார்.

அந்தப் பாட்டில் என்ன விசேஷம்?

நாதஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எஸ்.ஜானகியின் குரலோ மெல்லியது. ஆனாலும், வாத்தியம் எந்த இடத்திலும் குரலை அமுக்கவில்லை. ஜானகி பாடும் ஸ்வரங்களை அதே குழைவோடு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. இன்னைக்கும் மேடைப் பாடகர்களுக்கு இந்தப் பாட்டு ஒரு பரீட்சைதான்.

பிறகு என்ன ஆச்சு?

படம் வந்து இரண்டே வருஷம். 1964-ல், 40-களின் தொடக்கத்திலேயே மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்த கலைஞரை, சில நிமிஷப் பாட்டுக்குள் அடைத்துவிட முடியாது. அந்தப் பாட்டு பிடிக்குமா? அவரோட கச்சேரிப் பதிவுகளையும் தேடிக் கேளுங்க.