எலும்பு உலர்த்திய பேராசிரியர்

இறம்பொடை அருவியின் இரைச்சல் ஓயாமற் கேட்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில், சென்ற மாதம் என் தமக்கை மகன் வந்து அமர்ந்திருந்தான். பேராதனைச் சர்வகலாசாலையில் இரசாயன சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவன். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்தொதுக்கும் நாரிலும் தூளிலுமிருந்து கஃபீனைப் பிரித்தெடுப்பது பற்றி இறுதியாண்டில் ஓர் ஆய்வு செய்தான். அந்த ஆய்வேடு இப்பொழுது எங்கே இருக்கிறதென்று கேட்டேன். பேராதனையில் ஓர் அலமாரியில் என்றான். நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அரசாங்க நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஈராண்டாக வீட்டிலிருக்கிறான் என்பதை நான் அறிவேன்.

அன்றிரவு அவனுக்குச் சொன்ன வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பிரபுல்ல சந்திர ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி, வங்காளத்தின் ஜெஸ்ஸூர்ப் பகுதியிலே, இன்று வங்காளதேசத்துக் குல்னா மாவட்டத்தில் உள்ள ராருளி என்னும் கிராமத்திற் பிறந்தவர். இளமையிற் கண்ட வயிற்றுக்கடுப்பு அவர் உடலை என்றைக்குமாக மெலிவித்து விட்டது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிற் கிடந்த காலத்தில் அகப்பட்ட நூலையெல்லாம் படித்தார். 1882இல் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் விஞ்ஞான கலாநிதியாகி, மறு ஆண்டு கல்கத்தா திரும்பினார்.

திரும்பியவரை வரவேற்க உத்தியோகம் ஏதும் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் நண்பர் ஜகதீச சந்திர போஸின் வீட்டிலே தங்கி, செடிகொடிகளை ஆராய்ந்தும் புத்தகம் படித்தும் பொழுது போக்கினார். 1889இல் பிரசிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாச் சம்பளத்தில் ஒரு தற்காலிகப் பதவி கிட்டிற்று. அவருக்கொத்த கல்வியுடைய ஆங்கிலேயர் உயர்ந்த சேவைப் பிரிவிலிருக்க, அவர் தாழ்ந்த பிரிவிலேதான் வைக்கப்பட்டார். இவ்விடத்தில் என் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கல்லூரியில் அவர் கண்ட காட்சி வேறொன்று. இரசாயனம் படித்துத் தேறிய வாலிபர்கள் குமாஸ்தா வேலைக்காக அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார்கள். அதே நகரத்து மருந்துக் கடைகளில் அடுக்கியிருந்த போத்தல்களோ சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றிற் பலவற்றைச் செய்யும் முறை அந்த வாலிபர்களின் பாடக்குறிப்பிலேயே இருந்தது. குறிப்பேட்டுக்கும் கடைக்கும் இடையே நடந்துபோக ஒருவருமில்லை.

1892இல் ராய் தாமே நடக்கத் துணிந்தார். கையிலிருந்த 700 ரூபா அளவான சேமிப்பே முதல். அப்பர் சர்க்குலர் வீதி 91ஆம் இலக்க வாடகை வீடே தொழிற்சாலை. வங்காள இரசாயன மருந்துத் தொழிலகம் அங்கேதான் பிறந்தது. எலுமிச்சையிலிருந்து சித்திரிக் அமிலம் எடுக்க முதலிலே முயன்றார், கணக்குப் பார்த்தபோது கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். பின்னர் எலும்பிலே கண் வைத்தார். எலும்புச் சாம்பலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து, பின்பு சோடாவோடு வினைப்படுத்தினால், மருந்துக்கு வேண்டிய சோடியம் பொஸ்பேற்று கிடைக்கும். இறைச்சிக் கடைகளிலே எலும்பு மலிவு. மூட்டை மூட்டையாக வாங்கி வந்து வீட்டுக் கூரைத் தளத்தில் உலரப் போட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழு நெளிந்தது. காகங்கள் கூட்டமாக வந்து கொத்திச் சென்று அயல் வீடுகளில் இறைத்தன. அயலவரோ ஆசாரம் மிகுந்தவர்கள். சுகாதார அதிகாரியிடம் முறையிடப் போவதாக அச்சுறுத்தினார்கள். எடின்பரோவிலே கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர், அழுகிய எலும்பை இரவோடிரவாக அப்புறப்படுத்த வழி தேடி நின்ற அந்நிலையை வாசகர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாணிக்தலாவிலே ஒரு செங்கற் சூளை அகப்பட்டது. நள்ளிரவில் எலும்பு எரியும் நெருப்பைக் கண்ட பொலிசார், யாரோ கொலை செய்து பிணத்தைச் சுடுகிறார்கள் என்று ஐயுற்று வந்து நின்றார்கள். சாம்பல் ஒருவாறு வீடு வந்து சேர்ந்தது.

எங்கள் மலைநாட்டுத் தேயிலைக்கும் இத்தகைய ஒரு வாழ்வு இருந்ததுண்டு. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தொடக்கத்திற் கொழுந்தைத் தம் பங்களா விறாந்தையில் கையாலேதான் உருட்டினார். பெரிய தொழில்களின் பிறப்பிடம் பெரும்பாலும் இப்படிப்பட்டதே போலும்.

பகல் முழுவதும் கல்லூரி. மாலையில் வீடு திரும்பியதும் மருந்து காய்ச்சுதல். இவருக்குத் துணையாக வந்தவர் பள்ளித் தோழரான வைத்தியர் அமூல்ய சரண் போஸ். கடைக்காரர் நாட்டு மருந்தை ஏறெடுத்தும் பாராத காலத்தில், அவர் தம் வைத்திய நண்பர்களைக் கொண்டே அதனை எழுதுவித்தார். பாட்டிமார் கைப்பழக்கத்தில் இருந்த ஆடாதோடை, நிலவேம்பு, ஓமம் ஆகியவை அளவும் தரமும் குறித்த போத்தல்களில் வெளிவந்தன. நம் வீடுகளிற் குழந்தைக்குக் கொடுக்கும் ஓமநீர், கல்கத்தாவில் இலத்தீன் பெயரொன்று சூடிக்கொண்டு விலையாயிற்று!

இத்தொழில் உயிரையும் கேட்டது. அமூல்ய சரணின் மைத்துனரும் இரசாயனப் பட்டதாரியுமான சதீஷ் சந்திர சின்ஹா ஆய்வுகூடத்தில் ஐதரோசயனிக் அமில நஞ்சினால் தற்செயலாக மாண்டார். 1898இல் அமூல்ய சரணைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. இருவர் சுமையும் மெலிந்த ஒருவர் தோளில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. 1901இல் அது இரண்டு இலட்சம் ரூபா மூலதனத்தோடு கம்பனியாயிற்று. பின்னாளில் பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ராஜசேகர பாசு அதனை நீண்டகாலம் நிருவகித்தார்.

பணத்தைத் தேடப் புகுந்தவன் சாஸ்திரத்தைக் கைவிடுவான் என்று நம்மவரிடையே ஓர் அச்சமுண்டு. அது முற்றிலும் வீணான அச்சமென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மேர்க்கூரசு நைத்திரைற்று என்னும் புதிய சேர்க்கையை ராய் உலகறியச் செய்தது 1896இல், காய்ச்சும் பாத்திரங்களோடு போராடிய அந்த ஆண்டுகளிலேதான். இந்து இரசாயன வரலாற்றின் முதற்பாகம் 1902இல் வெளிவந்தது. மேகநாத சாகாவும் சத்தியேந்திர நாத போஸும் அவரிடம் பயின்றவர்கள்.

1916இல் சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரிக்கு மாறி, அக்கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். மணம் செய்யவில்லை. 1921இல் அறுபது வயது நிறைந்தபின், தம் சம்பளம் முழுவதையும் சர்வகலாசாலைக்கே விட்டுக் கொடுத்தார். அதே அறையில் 1944 ஜூன் 16இல் மறைந்தார்.

கம்பனி பிற்காலத்தில் நலிந்து, 1980இல் இந்திய அரசின் உடைமையாயிற்று. அதைக் கேட்டதும் மருமகன், அப்படியானால் முடிவில் தோல்விதானே என்றான். எண்பத்தெட்டு ஆண்டுகளில் அதிலே எத்தனை இரசாயனப் பட்டதாரிகள் சம்பளம் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இன்று நம் சர்வகலாசாலைகளிலும் ஆய்வைத் தொழிலோடு இணைப்பதற்கென்று பிரிவுகள் இருக்கின்றன. அங்கே நாற்காலியும் விண்ணப்பப் படிவமும் கிடைக்கும். கூரையில் எலும்பு காயப்போடும் வேலை மட்டும் விண்ணப்பித்தவனுடையது.

அவன் விவாதிக்கவில்லை. மறுநாட் காலை கண்டி பஸ்ஸேறிப் போனவன், இருட்டியபின் நனைந்துகொண்டு வந்தான். சட்டைக்குள்ளே ஆய்வேட்டின் பிரதி. விளக்கடியில் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவன், ஒரு கிலோ கஃபீனுக்கு என்ன செலவாகும் என்பதை ஓரிடத்திலும் எழுதாமல் விட்டிருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேனையைத் தேடினான்.